கேட்டவர்கள் காத்த பாட்டு



'ஒரு பாட்டை வாழ வைப்பது பாடியவர் திறமையா, கேட்டவர் ஆர்வமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் தியாகராஜரைச் சொன்னார்கள், தண்டபாணி தேசிகரைச் சொன்னார்கள். கேட்கச் சுகமாக இருந்தது. கடைசியில் ஒரு போடு போட்டார்கள் பாருங்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேக்கிற ராப் பாட்டு நிக்குமா? வெறும் சத்தம்! ஒரு வாரம் கேப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. ஏன்னா பாடுறவங்ககிட்ட சரக்கு இல்லே" என்றார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். அந்தக் கைதட்டலை நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அதே ராப் பாட்டிலிருந்து ஒரு சாட்சியை இந்த மேடைக்குக் கூட்டி வருகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டி லாங் ஐலண்ட் என்று ஒரு நீளமான தீவு. அங்கே அமிட்டிவில் என்ற ஊர். அந்த ஊரில் ஒன்றாகப் படித்த மூன்று கறுப்பினப் பையன்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். பெயர் 'டி லா சோல்'. 1989-ஆம் ஆண்டு அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தது. அப்போது அவர்களுக்கு இருபது வயது, முன்னே பின்னே. ஆல்பத்தின் பெயர் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்'. மூன்றடித் தண்ணீர், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஜானி கேஷ் என்கிற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாடகர், வெள்ளம் வந்ததைப் பற்றி ஒரு பாட்டுப் பாடியிருந்தார். அவர் பாட்டில் தண்ணீர் ஐந்தடி வரை ஏறும். இவர்கள் மூன்று பேர் இல்லையா? அதனால் மூன்றடியோடு நிறுத்திக்கொண்டார்கள்! (சிரிப்பு)

குழுவில் ஒருவருக்கு மேடைப் பெயர் ட்ரூகாய். இது என்னடா பெயர் என்று நானும் யோசித்தேன். அவருக்குத் தயிர் என்றால் உயிராம். தயிருக்கு ஆங்கிலத்தில் யோகர்ட். அந்த எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னாலே படித்தால் ட்ரூகாய்! நம்ம ஊரில் தயிர்சாதம் சாப்பிடாத ஆளே கிடையாது. யாருக்காவது இப்படித் தோணிச்சா? (சிரிப்பு, கைதட்டல்)

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த ஆல்பத்தில் என்ன இருக்கிறது? சின்ன வயதில் நாமெல்லாம் கூட்டாஞ்சோறு ஆக்கியிருக்கிறோம். ஒரு வீட்டில் ஒரு பிடி அரிசி, அடுத்த வீட்டில் பருப்பு, மூன்றாவது வீட்டில் ரெண்டு கத்திரிக்காய், கருவேப்பிலை மட்டும் யாரையும் கேட்காமல் வேலியோரத்திலிருந்து. (சிரிப்பு) எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் வரும் ருசி எந்த வீட்டுச் சமையலிலும் வராது. இவர்கள் ஆக்கியது அந்தச் சோறு. ஸ்டீலி டான் என்ற ராக் குழுவிடம் ஒரு பிடி, ஃபங்கடெலிக் குழுவின் ஆட்டப்பாட்டில் ஒரு பிடி, ஓடிஸ் ரெட்டிங் அடித்த விசில் ஒரு சிட்டிகை, குழந்தைகளுக்குத் தொலைக்காட்சியில் வாய்பாடு சொல்லிக்கொடுத்த பாட்டு ஒன்று, பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுக்கும் இசைத்தட்டு ஒன்று. ஒவ்வொன்றிலும் சில வினாடிகளை வெட்டி, ஒட்டி, சுழலவிட்டு, அதன் மேலே தங்கள் பேச்சைப் போட்டார்கள். இதற்கு 'சாம்பிளிங்' என்று பெயர். பக்கத்தில் நின்று பக்குவம் சொன்னவர் பிரின்ஸ் பால் என்ற தயாரிப்பாளர். பாட்டுக்குப் பாட்டு நடுவில் தொலைக்காட்சி வினாடி வினா மாதிரி ஒரு கூத்து. போட்டியாளர்களைக் கூப்பிட்டு, யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேட்கிறார்கள். நம் நடுவர் எங்களுக்குத் தலைப்புக் கொடுக்கிற மாதிரியே! (சிரிப்பு)

அந்தச் சமயத்தில் ராப் என்றால் கோபம், கழுத்தில் வடம் வடமாகத் தங்கச் சங்கிலி, முறைத்த முகம் என்று ஒரு எண்ணம் ஊரில் பரவியிருந்தது. இவர்கள் அட்டைப்படத்தில் பளிச்சென்ற மஞ்சளும் பூக்களுமாக வந்து நின்றார்கள். இது ராக்கா, ஜாஸா, ராப்பா, குழந்தைப் பாட்டா? எந்த அலமாரியில் அடுக்குவது என்றே தெரியாத ஆல்பம். அதனாலேயே ராப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் இதைக் கேட்டார்கள். கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. "இந்த விசிலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே" என்று தங்கள் அப்பாவின் இசைத்தட்டு அடுக்கைத் தேடிப் போனார்கள். மகன் கேட்டது அப்பாவின் பாட்டுக்குள் கொண்டுபோய் விட்டது, ஐயா!

இங்கேதான் எதிரணியை நான் கேட்கிறேன். பாடியவர் திறமை, பாடியவர் திறமை என்கிறீர்களே, இந்த மூன்று பேரும் முதலில் யார்? கேட்டவர்கள்! வீட்டில் பெரியவர்கள் வைத்திருந்த இசைத்தட்டுகளைச் சலிக்காமல் கேட்ட காதுதான் இந்த ஆல்பத்தைச் செய்தது. இங்கே திறமை என்பதே கேட்கிற திறமை. வள்ளுவர் கல்வி என்று ஓர் அதிகாரம் வைத்தவர், கேள்வி என்று இன்னோர் அதிகாரம் தனியாக வைத்தாரே, சும்மாவா வைத்தார்? (கைதட்டல்)

இனிமேல்தான் வினை. கூட்டாஞ்சோறுக்கு அரிசி கொடுத்த வீடு பின்னால் வந்து கணக்குக் கேட்டால்? கேட்டது! அறுபதுகளில் புகழோடு இருந்த 'தி டர்ட்டில்ஸ்' குழுவைச் சேர்ந்த இருவர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பாட்டிலிருந்து சில வினாடி இசையை மெதுவாக்கி, அந்தப் பிரெஞ்சுப் பாடத்துக்கு அடியில் ஓடவிட்டிருந்தார்கள். அனுமதி வாங்கவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடிந்தது. 1991 டிசம்பரில், வேறொரு ராப் பாடகருக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, எந்தத் துண்டை எடுத்தாலும் முன்னாடியே அனுமதி, முன்னாடியே காசு என்றாகிவிட்டது. இப்படி ஐம்பது வீட்டு அரிசியில் சோறாக்குவது கட்டுபடியாகாத காரியம் ஆனது. உழைத்தவனுக்குக் கூலி கேட்க உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. கருவேப்பிலையானாலும் கேட்டுவிட்டுப் பறிப்பதே முறை.

ஆனால் அதன் பலன் யார் தலையில் விடிந்தது? 1980-களில் போட்ட ஒப்பந்தமெல்லாம் இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் போட்டவை. பின்னால் கணினி வந்தது, கைப்பேசி வந்தது, பாட்டுக் கேட்கிற வழியே மாறிப்போனது. பழைய ஒப்பந்தத்தில் அதற்கெல்லாம் வார்த்தை இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் உரியவரைத் தேடிப் பிடித்து மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். அது நடக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று வைத்திருக்கும் பட்டியலில் 2010-ஆம் ஆண்டுக்கு இந்த ஆல்பத்தைச் சேர்த்தது. காக்க வேண்டியது என்று அரசாங்கமே சொல்லியாயிற்று, ஆனால் கடையில் பதிவிறக்கம் செய்ய முடியாது! ரேஷன் கார்டு இருக்கு, அரிசி இல்லே. (சிரிப்பு)

அப்போது யார் காப்பாற்றினார்கள்? சட்டமா? கம்பெனியா? பழைய தட்டைப் பத்திரமாக வைத்திருந்தவன், கேசட்டை நண்பனுக்கு இரவல் கொடுத்தவன், தன் பிள்ளைக்குப் போட்டுக் காட்டியவன், அவன்தான் காப்பாற்றினான். 2014 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று, அந்தக் குழுவே ஒரு காரியம் செய்தது. "எங்கள் பழைய பாட்டெல்லாம் இருபத்தைந்து மணி நேரத்துக்கு இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தங்கள் இணையதளத்தில் திறந்துவிட்டார்கள். கூட்டம் தாங்காமல் தளம் திணறியது. தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடுத்த வருஷம், 2015-இல், புதிய ஆல்பம் செய்ய ரசிகர்களிடமே கை நீட்டினார்கள். கேட்டது 1,10,000 டாலர். பத்து மணி நேரத்துக்குள் அது சேர்ந்துவிட்டது. கணக்கு முடிந்தபோது பதினோராயிரம் பேருக்கு மேல் சேர்ந்து 6,00,000 டாலருக்கு மேலே கொடுத்திருந்தார்கள். ஒரு கோடீஸ்வரன் எழுதிய காசோலை இல்லை இது, சம்பளக்காரர்கள் போட்ட மொய்! (கைதட்டல்) அந்தப் பணத்தில் இவர்கள் செய்ததும் கெட்டிக்காரத்தனம். வாத்தியக் கலைஞர்களை உட்காரவைத்து மணிக்கணக்காக வாசிக்கச் சொல்லிப் பதிந்து, அந்தச் சொந்தப் பதிவிலிருந்தே துண்டு எடுத்தார்கள். இப்போது அரிசி சொந்த வயலில் விளைந்தது. எவனும் வந்து கணக்குக் கேட்க முடியாது.

எதிரணி நண்பர் தலையாட்டுகிறார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "ரசிகர்கள் தொல்லையும் கொடுப்பார்களே?" கொடுத்தார்கள். முதல் ஆல்பத்தில் பூப்போட்டு வந்தார்கள் என்பதற்காக, போன இடமெல்லாம் இவர்களைப் பூப்பையன்களாகவே பார்த்தார்கள். வெறுத்துப் போய் 1991-இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு 'டி லா சோல் இஸ் டெட்', டி லா சோல் செத்துப்போச்சு என்றே பெயர் வைத்தார்கள். அட்டையில் உடைந்த பூந்தொட்டி. அன்பு அதிகமானால் மூச்சு முட்டத்தான் செய்யும். வீட்டில் பாட்டி ஊட்டுகிற கடைசி உருண்டை மாதிரி. (சிரிப்பு) ஆனால் ஒன்று. செத்துப்போச்சு என்று அவர்களே எழுதிக்கொடுத்த ஆல்பத்தையும் ஜனங்கள் வாங்கினார்களே!

நடுவர் மணியில் கை வைக்கிறார். இன்னும் இரண்டே நிமிஷம் ஐயா.

2019-இல், ஆல்பத்தின் முப்பதாவது ஆண்டுக்காக, உரிமை வைத்திருந்த டாமி பாய் நிறுவனம் பாட்டுகளை இணையத்தில் வெளியிடப் போவதாக அறிவித்தது. வருமானத்தில் மிகச் சின்னப் பங்குதான் தங்களுக்கு வரும் என்று குழுவினர் வெளிப்படையாகச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். ரசிகன் எத்தனை வருஷமாகக் காத்துக்கிடந்த பாட்டு, இதோ கைக்கு எட்டப் போகிறது. அவன் என்ன செய்தான்? "அவங்களுக்கு நியாயம் கிடைக்காத பாட்டு எங்களுக்கு வேண்டாம்" என்று நின்றான். சக இசைக்கலைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெளியீடு தள்ளிப்போடப்பட்டது. பசித்தவன் இலையை மூடினான், ஐயா, சமைத்தவன் இன்னும் சாப்பிடவில்லை என்று! (நீண்ட கைதட்டல்)

2021-இல் ரெசர்வாயர் என்ற நிறுவனம் டாமி பாயை வாங்கியது. குழுவோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொரு துண்டாக அனுமதி வாங்குகிற வேலை தொடங்கியது. அதே வருஷக் கடைசியில் வந்த ஒரு ஸ்பைடர்மேன் படத்தின் முடிவில் இவர்களுடைய 'த மேஜிக் நம்பர்' ஒலித்தது. பாட்டு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் இது யாருடையது என்று தேட ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டு, மூன்று என்ற எண்ணைப் பற்றியது. மூன்று நண்பர்களைப் பற்றியது.

2023 ஜனவரியில் முதலில் அந்த ஒரு பாட்டு மட்டும் இணையத்துக்கு வந்தது. மார்ச் 3-ஆம் தேதி மீதி எல்லாம் என்று நாள் குறித்தார்கள். பிப்ரவரி 12-ஆம் தேதி ட்ரூகாய், அந்தத் தயிர்ப்பிரியர், டேவிட் ஜோலிகோர் என்பது இயற்பெயர், இறந்துபோனார். வயது ஐம்பத்து நான்கு. இன்னும் பத்தொன்பது நாள் இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

மார்ச் 3-ஆம் தேதி சொன்னபடி எல்லாம் வந்தது. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் செய்த அந்த ஆல்பம், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மறுபடி ஏறியது. மூன்று பேர் பாடுகிறார்கள் அதில். கேட்கிறவர்கள் காதில் இன்னும் மூன்று பேர்தான்.

மணி அடித்துவிட்டது. (கைதட்டல்)