கிரீடம் விடியும் வரைக்கும்தானா?

(சுங்குவார்சத்திரத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் போனால், கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். அதில் கட்டும் வேடத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

கூத்தில் வேடமும் ஒரு மொழி. சிவந்த முகம் என்றால் துரியோதனன். பச்சை என்றால் கிருஷ்ணன். வாய் திறக்கும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தவை. அந்தக் கட்டைகளால்தான் 'கட்டைக்கூத்து' என்ற பெயரே வந்தது.

சாதியும் உடம்பின் மேல்தான் எழுதப்பட்டது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையை 1859 வரை போராடித்தான் பெற்றார்கள். 1930இல் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. தோளில் துண்டு போட்டாலே குற்றம் என்ற நாட்டில்தான், ஒடுக்கப்பட்ட சாதிக் கலைஞன் தோளில் புஜக்கட்டை கட்டி ராஜாவாக நின்றான்.

இதை வைத்து, "பார்த்தீர்களா, நம் மரபில் சாதி இல்லை" என்பார்கள். நான் ஏற்க மாட்டேன். ராத்திரி அவனைக் கும்பிட்ட ஊர், அரிதாரம் கலைந்ததும் "கூத்தாடி" என்றது. அந்த ராஜாங்கம் ஊர் கொடுத்த ஒரு ராத்திரி அனுமதி. அனுமதி வேறு, உரிமை வேறு. அதே திரௌபதி அம்மனுக்கு விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் கோயில் இருக்கிறது. 2023இல் அதற்குள் போன தலித்துகளை அடித்தார்கள். தலித்துகளை விட மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றதால், ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள்.

அதற்காகக் கூத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த இந்தக் கலையில், காஞ்சிபுரம் அருகே 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துப் பள்ளியில் பெண் பிள்ளைகள் பயின்று கட்டை வேடம் கட்டினார்கள். கதை அதே கதைதான். கட்டுகிற ஆள் மாறினார். மரபு அப்படித்தான் மாறும்.

நீங்கள் கம்பெனியில் ஒரே நிறச் சீருடை போடுகிறீர்கள். அதைக் கழற்றி ஊர்த் திருவிழாவுக்குப் போனதும் "எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். அடுத்த திருவிழாவில் நாம் திருப்பிக் கேட்போம்: இந்தக் கிரீடத்தை இங்கே யார் வைக்கலாம்? வைத்தவர் விடிந்ததும் கோயிலுக்குள் வரலாமா?

ஜெய்பீம்.