ஊர்க்கணக்கு யாருடையது?

  

வள்ளி என்னும் பெயருடைய மூதாட்டி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். கணவன் மறைந்துவிட்டான். அரைக் காணி நிலம் உண்டு. அதனை அவள் பெயருக்கு மாற்றவேண்டும். குடும்ப அட்டையில் அவள் வள்ளி. மரபுரிமையர் சான்றிலோ வல்லி. இடையில் எங்கோ ஓர் அலுவலகத்தில் அவள் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினர். அடுத்த அலுவலகத்தில் அதனை மீண்டும் தமிழாக்கினர். லகரத்துக்கும் ளகரத்துக்கும் அங்கே ஒரே எழுத்து. ணகரமும் னகரமும் அவ்வாறே. வள்ளியாகப் போனவள் வல்லியாகத் திரும்பி வந்தாள். இப்போது வள்ளியும் வல்லியும் ஒருத்தியே என்பதை அவளே மெய்ப்பிக்க வேண்டும். பிழை செய்தது ஏடு. படியேறி இறங்குவது அவள் கால்.

இம்மூதாட்டி கற்பனை. ஆனால் எந்த வட்டாட்சியர் அலுவலகத் திண்ணைக்குப் போனாலும் அவளைக் காணலாம். எழுத்தரை வைது பயனில்லை. ஏடு யாருடையது என்ற கேள்விக்கு ஊராரும் அலுவலரும் தவறான விடையை நெடுங்காலமாக நம்பிவந்ததே இதற்கு வேர். ஏடு எழுதுகின்றவருடையது என்று இருசாராரும் எண்ணிவிட்டனர். அது ஊருடையது, எழுதுகின்றவர் அதன் காவலர்.

இது புதுமைக் கருத்தன்று. திருவெண்ணெய்நல்லூர் வழக்கை அறியாத தமிழ் மாணவர் இரார். சமய நோக்கில் அதனைப் படித்தவர் பலர். பதிவறை நோக்கில் படித்தவர் சிலரே. நம்பியாரூரர் திருமணத்தில் முதியவர் ஒருவர் வந்து, ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என்றும் அதற்கு ஓலை உண்டு என்றும் வழக்கிடுகின்றார். ஆரூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். வழக்கு முடிந்ததா? இல்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை வெண்ணெய்நல்லூரில் இருக்கின்றது. மூலம் ஓரிடம், படி ஓரிடம் என வைக்கும் முறை அன்றே மக்கள் அறிந்த நடைமுறையாய் இருந்திராவிடில், சேக்கிழார் அதனை இத்துணை இயல்பாகப் பாடியிருக்க மாட்டார்.

அவையத்தார் அடுத்துச் செய்வதைப் பாருங்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு முதியவரைக் கேட்கின்றனர். மூலவோலையை நீட்டினால் அதுவும் கிழிபடுமோ என அவர் அஞ்ச, கிழிக்கவிடோம் என்று அவை உறுதியளிக்கின்றது. அதன் பின்னரே ஓலை அவையின் கைக்கு வருகின்றது. கணக்கன் அதனை எல்லாரும் கேட்கப் படிக்கின்றான். சான்றொப்பமிட்டோரின் எழுத்துப் பார்க்கப்படுகின்றது. அதுவும் போதாதென்று, பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்குகின்றனர். காப்பிடத்தில் கேட்டவுடன் எடுக்கும்படி ஓலை இருந்தது என்பதே இங்கு வியப்பு. இன்று முப்பதாண்டுக்கு முந்தைய தீர்மானம் ஒன்றை ஓர் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். தேடித்தர எத்துணை நாள் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சோழர் அரசிலும் வாய்மொழி ஆணை வாய்மொழியாகவே நிற்கவில்லை. மன்னன் சொன்ன திருவாய்க்கேள்வியைத் திருமந்திரவோலை எழுதுவான்; திருமந்திரவோலை நாயகம் அதனைச் சரிபார்ப்பான்; புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் ஏற்றுவர். ஒருவர் எழுத, மற்றவர் பார்க்க, வேறொருவர் பதிய, பலர் ஒப்பமிட்டனர். ஒரு கையில் முழு ஏடும் தங்கவில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலைத் தேர்தல் என்றவுடன் மேடைதோறும் அவற்றைப் போற்றுகின்றோர் பலர். அது பார்ப்பனர்க்குக் கொடுக்கப்பட்ட ஊர். உறுப்பினர் தகுதியுள் மறைநூற் கல்வியும் நிலவுடைமையும் உண்டு. எல்லார்க்கும் அங்கே இடமில்லை. அதனை மறைத்துப் போற்றுவது நேர்மையன்று. ஆயினும் கணக்கைப் பற்றி அவ்வூர் செய்த முடிவுகளைக் கற்றுக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி தேர்தலுக்கு நிற்க முடியாது. அவன் மட்டுமல்லன், அவன் நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கணக்கெழுதுவோன் நேரிய வழியில் பொருளீட்டியவனாக இருக்கவேண்டும். அவன் தன் காலத்துக் கணக்கைப் பெரியோர்முன் காட்டித் தூயவன் எனப் பெயர் பெற்றாலன்றி மறுமுறை கணக்கெழுத முடியாது. எல்லாவற்றிலும் கூர்மையான விதி ஒன்று உண்டு: தான் எழுதிய கணக்கைத் தானே காட்டவேண்டும், அவனுக்காக வேறொரு கணக்கன் புகுந்து கணக்கை முடித்துக் கொடுத்தல் ஆகாது. ‘முன்னவர் காலத்துக் கோப்பு அது, எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வழியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அடைத்துவிட்டனர்.

ஓலை எடுக்கும் முறையும் அத்தகையதே. ஒன்றுமறியாச் சிறுவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான். அதனை வாங்குவோன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்பான். விரலிடுக்கில் வேறோலை மறைந்திருக்கலாகாது என்பது கருத்து. அவன் படித்த ஓலையை அங்கிருந்த மற்றோரும் வாங்கிப் படிப்பர். பிறகே பெயர் எழுதப்படும். இவ்வளவும் கோயிற் சுவரில் வெட்டப்பட்டு, இன்றும் படிக்கக் கிடக்கின்றன. அவ்வூரின் ஆட்சிமுறை ஏடு பூட்டிய பெட்டிக்குள் இல்லை, சுவரில் இருந்தது.

பெட்டிக்குள் போனது பின்னாளில். கர்ணம் என்றும் கணக்கப்பிள்ளை என்றும் அழைக்கப்பட்டவர் வீடே ஊரின் பதிவறை ஆயிற்று. கணக்கு என்ற சொல்லுக்கு நூல் என்னும் பொருளும் உண்டு. கீழ்க்கணக்கு, கணக்காயர் என்னும் சொற்கள் அதற்குச் சான்று. அத்துணை உயர்ந்த சொல் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் முடங்கியது. நேர்மையாக எழுதியோரும் அவருள் இருந்தனர், இல்லையென்பதற்கில்லை. எனினும் வழிவழியாக வந்த பதவியில், தந்தை எழுதிய பிழையை மகன் திருத்துவது அரிது. 1980 நவம்பரில் தமிழக அரசு பகுதிநேர ஊர் அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று, 1982-இல் ஒழிப்புச் செல்லும் என்று தீர்ந்தது. ஆள் மாறினார். ஏட்டின் மொழி மாறவில்லை.

பட்டா, சிட்டா, பசலி, சமாபந்தி என்பன எம்மொழியின? பசலி என்பது அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல். முகலாயர் வழியாக வந்த ஆண்டுமுறை. சூலை முதல் நாளில் பசலி ஆண்டு பிறக்கும். அந்நாளில் நடக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வரும். 2024 சூலையில் தொடங்கியது 1434. இதனை உழவர்க்கு யார் சொன்னார்? இரண்டாம் எண் ஊர்க்கணக்குக்கோ அடங்கல் என்று பெயர். எந்தப் புலத்தில் என்ன பயிர், யார் உழுகின்றார் என்பன எல்லாம் அதில் அடங்கும். அச்சொல்லைக் கேட்டவுடனே எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் ஒரு பொருள் தோன்றுகின்றது. பத்தாம் எண் கணக்காகிய சிட்டாவைக் கேட்டால் என்ன தோன்றும்? சமாபந்தியை வருவாய்த் தீர்வாயம் என மாற்ற முடிந்தது; மக்களும் மெல்ல மெல்லச் சொல்கின்றனர். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இல் வந்தது. இத்துணை ஆண்டுக்குப் பிறகும் மற்றவற்றை மாற்ற இயலாது என்பது இயலாமையன்று, விருப்பமின்மை.

1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய நில ஏடுகளைப் புதுப்பித்தது நல்ல பணியே. ஆனால் அப்போது விடுபட்ட பெயரும், மாறிப் பதிந்த புல எண்ணும், தந்தை பெயர்ப் பிழையும் பின்னர்த் தனியே திருத்தப்பட வேண்டியவையாயின. மாவட்ட வருவாய் அலுவலர்முன் எத்தனையோ குடும்பங்கள் அதற்காக நின்றுள்ளன. இன்று அந்த ஏடுகள் கணினியில் ஏறிவிட்டன. பட்டாவை இணையத்திற் காணலாம். பாராட்டத்தக்கதே. ஆனால் பிழையோடு ஏறிய பெயர் பிழையோடுதான் இறங்கும். முன்னைவிட விரைவாக இறங்கும். ஏற்றுமுன் அந்தப் பட்டியலை ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டி, உரக்கப் படித்து, வள்ளியா வல்லியா என அவளையே கேட்டிருந்தால் போதும்.

கணினியைப் பற்றி இன்னொன்று. தொண்ணூறுகளில் நெகிழ்வட்டில் எழுதி வைத்தவற்றைப் படிக்கும் பொறி இன்று எளிதிற் கிடைப்பதில்லை. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எழுத்துருக் குறியீட்டை வைத்திருந்தது. ஒன்றில் அடித்த தமிழ் மற்றொன்றிற் புரியாக் குறிகளாகும். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், அதனொடு தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. பழைய குறியீட்டில் எங்கேனும் ஊராட்சிப் பதிவு கிடந்தால், படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே அதனை ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும். ஓலைச்சுவடியைக் கூட வேண்டிய காலத்திற் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதித்தான் முன்னோர் காத்தனர். பெயர்த்தெழுதாத சுவடியே அழிந்தது.

தாள் ஏடுகளுக்கும் சிறு முறைகள் உண்டு. மாப்பசையால் ஒட்டினால் பூச்சி வரும். ஒட்டுநாடா சில ஆண்டுகளிற் பழுத்துத் தாளையும் கறைப்படுத்தும். சுவரோடு ஒட்டிய அடுக்கில் கறையான் ஏறும். வெப்பத்தாளில் அச்சாகும் பற்றுச்சீட்டு வெளிறிவிடும். அதனை மூலமென நம்பிக் கோப்பில் வைப்பது வெறுந்தாளை வைப்பது போன்றதே.

எல்லாவற்றையும் காக்க வேண்டுமா? வேண்டா. முடிவுற்ற கோப்பை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிலையானது எனப் பிரிக்கும் முறை அலுவலகங்களில் முன்பே உள்ளது. அதனைச் செய்யாமையால் காலாவதியான தேநீர்ச் செலவுச் சீட்டும் ஊர்ப் பொதுநிலத்தின் மூல ஏடும் ஒரே மூட்டையிற் கிடக்கின்றன. பின்பு யாரோ ஒருவர் இடமில்லை என்று மூட்டையோடு கழிக்கின்றார். குளத்தின் எல்லை அத்தோடு போய்விடுகின்றது. குளத்தை ஆக்கிரமித்தவனுக்கு அதைவிட நல்ல நாள் வேறில்லை.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. நிகழ்ந்த 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 2023 அக்தோபர் முதல் நாளிலிருந்து பிறப்போர்க்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசுப் பணி ஆகியவற்றிற்கெல்லாம் பிறப்புச் சான்றே சான்று. ஆகவே அவ்வேட்டில் விழும் ஒரு புள்ளிப் பிழை ஒருவர் வாழ்நாள் முழுவதும் தொடரும். அச்சட்டம் பிழை திருத்தும் முறையைச் செவ்வையாகச் சொல்கின்றது. மூலப் பதிவை அழிக்கலாகாது; ஓரத்தில் திருத்தம் எழுதி, ஒப்பமும் நாளும் இடவேண்டும். அடித்துத் திருத்திய ஏட்டில் யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது தெரியாது. ஓரத்தில் திருத்திய ஏடு தன் பிழையையும் ஒப்புக்கொண்டு நிற்கும். எல்லா ஊர் ஏடுகளுக்கும் இம்முறையே வேண்டும்.

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை மனுப் போடும் சட்டமாகவே பலர் அறிவர். அதன் நான்காம் பிரிவு, யாரும் கேளாமலே ஒவ்வோர் அலுவலகமும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, எளிதில் எடுக்கும்படி வரிசைப்படுத்தி வைக்கவேண்டும் என்கின்றது. பட்டியலே இல்லாத இடத்தில் ‘ஆவணம் கிடைக்கவில்லை’ என்னும் விடை எப்போதும் கைவசம் இருக்கும். பட்டியல் இருந்தால் அவ்விடையைச் சொல்ல அஞ்சுவர்.

எனவே ஊராட்சியில் இருப்போர் முதலிற் செய்யத்தக்கது ஏடுகளின் ஏடு ஒன்றை எழுதுவது. என்னென்ன பதிவேடு உண்டு, எந்த ஆண்டு முதல், எத்தனைப் பக்கம், எந்த அடுக்கில், படி எங்கே என்பன ஒரு சுவடியில் வரட்டும். அலுவலர் மாறும்போது அச்சுவடியைப் பார்த்து ஒவ்வொன்றாக ஒப்படைத்து, இருவரும் ஒப்பமிடட்டும்; குறைவது குறைவதாகவே எழுதப்படட்டும். பெயர்கள் தமிழில், உரியவர் சொன்னபடி எழுதப்படட்டும்.

ஊராராக வந்திருப்போர்க்கு: சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 உள்ளிட்ட நாள்களில் ஊரவை கூடுகின்றது. அங்கே வரவு செலவு படிக்கப்படும்போது, ஏடுகளின் பட்டியலையும் படிக்குமாறு ஒருவர் எழுந்து கேட்கட்டும். இல்லை என்று விடை வந்தால், இல்லை என்பதையே தீர்மானச் சுவடியில் நாளிட்டு எழுதுமாறு கேட்கட்டும்.