சட்டியில் இறங்கும் சத்து



தோட்டப் பள்ளி ஆசிரியனாகிய என்னைப் பிரிக்பீல்ட்சுக்கு அழைத்து, "ஏதாவது பயனுள்ளதா பேசுங்க சார்" என்றார்கள். என் அம்மாவின் கஷாயச் சட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அம்மா பால்மரம் வெட்டியவர். வாசலில் வளர்ந்த பூனைமீசை இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பார். இதை வகுப்பில் சொன்னபோது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், பச்சைத் தண்ணியில சரியா இறங்காத சத்து, சுடுதண்ணியில மட்டும் எப்படி இறங்குது?" அன்று எனக்கு முழு விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்து நிற்பவை. உப்பும் சர்க்கரையும் அவற்றோடு சேரும். எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள் சேர மாட்டா. சூடு ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. ஆனால் திறந்த சட்டியில் 100 டிகிரி செல்சியஸில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். மூடி அடைத்தால்? வீட்டு பிரஷர் குக்கரில் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த நம் பெரியவர்கள் நீராவி இஞ்சினில் கண்ட சங்கதிதான் இது.

கனத்த எஃகுப் பாத்திரத்தில் சுமார் 16 மடங்கு காற்றழுத்தம் கொடுத்தால், 200 டிகிரியிலும் தண்ணீர் ஆவியாகாமல் தண்ணீராகவே நிற்கும். இன்னும் அழுத்தம் கூட்டி 250 டிகிரிக்குக் கொண்டு போனால், கரைக்கும் குணத்தில் அது ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பூனைமீசையில் உள்ள ரோஸ்மரினிக் அமிலம் சாதாரண வெந்நீரிலேயே இறங்கும். சைனென்செட்டின் என்ற பொருள் இறங்கத் தயங்கும். இப்படித் தயங்குபவற்றை வெளியே கொண்டுவரத்தான் அழுத்தம் ஏற்றிய வெந்நீர். ஹெக்சேன் போன்ற இரசாயனம் வேண்டாம், தண்ணீரே போதும். ஆனால் சூடு மிஞ்சினால் சத்தே சிதைந்துவிடும். அதனால் நிமிடக் கணக்குப் பார்த்தே செய்வார்கள்.

செம்பனைத் தோட்டத்துக்காரர்களுக்கு அழுத்தமும் நீராவியும் புதிதல்ல. ஆலையில் குலைகளைச் சுமார் 3 பார் அழுத்த நீராவியில்தானே வேக வைக்கிறார்கள்? எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரைக் கழிவு என்றுதான் நினைத்தோம். பழத்திலிருந்து நீரில் கரைந்த பீனால் பொருள்கள் அதில் இருக்கின்றன, அவற்றைப் பிரித்தெடுக்கலாம் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும் அவர் குழுவினரும் 2011இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்விதழில் எழுதினார்கள். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன கழிவு நீரை அவர்கள் நின்று சோதித்துப் பார்த்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சத்து இறங்குவது வேறு. நோய் தீருவது வேறு. இனிப்பு நீர் நோய் இருந்த என் அம்மா, "இலைத் தண்ணியே போதும்டா" என்று கிளினிக் மாத்திரைகளைப் பல மாதம் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். காலில் புண் வந்து, ஒரு விரலை எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கேள்வி கேட்கும் நான், "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று வீட்டில் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. ஆகவே டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிள்ளைகளே, நான் சொன்னதைக் கேட்டு வீட்டுக் குக்கரின் விசிலை அடைத்துப் பார்க்காதீர்கள், வெடித்துவிடும்!

பெற்றோர்களே, அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் அவ்வாண்டு எந்தப் பரிசும் வாங்கவில்லை. ஆனால் ஆசிரியனையே படிக்க வைத்தான். உங்கள் பிள்ளை அடுப்படியில் வந்து "ஏன்?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று விரட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை எங்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். நாங்களும் தேடிப் படிக்கிறோம்.