கொடுமுடி தந்த வள்ளி

(கோவையில் நிகழ்ந்த தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காவிரிக் கரையில் கொடுமுடி என்றோர் ஊர் உண்டு. சுந்தரர் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிய பாண்டிக் கொடுமுடி அதுவே. இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள அவ்வூர், 1979-ஆம் ஆண்டு வரை நம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அங்கே 1908-ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பமொன்றில் ஒரு பெண்மகவு பிறந்தது. இளமையிலேயே தந்தையை இழந்த அக்குழந்தைக்குக் குரல் ஒன்றே உடைமை. அக்குரலை நம்பித் தாயும் மக்களும் வாழ்ந்தனர். அக்குழந்தையே கே.பி. சுந்தராம்பாள் என்று உலகம் போற்றிய இசைச்செல்வி. ஒரு நாடகம் ஓர் உயிரை எவ்வளவு ஆழமாகப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அந்நாடகம் 'வள்ளி திருமணம்'.

வள்ளி யார்? இடையில் வந்து சேர்ந்த கதைமகள் அல்லள். நற்றிணையிலேயே முருகனோடு சேர்த்துப் பேசப்படுபவள். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் காத்தவள். பொன்னும் பொருளும் பேசாமல், குலமும் கோத்திரமும் பாராமல், நெஞ்சொடு நெஞ்சு கலந்த களவு மணத்தின் தலைவி. தொல்காப்பியர் வகுத்த அகத்திணை வாழ்வு ஏட்டில் உறங்கிய காலத்திலும், ஊர்தோறும் மேடையேறி உழவர்முன் உலவியது என்றால், அது இந்த வள்ளியால் அன்றோ!

இந்நாடகத்தை இசைமேடைக்கு ஏற்றபடி ஆக்கித் தந்தவர் சங்கரதாசு அடிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922-இல் புதுவையில் மறைந்தவர். 1916-இல் மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கம் தொடங்கினார். இரண்டாண்டு கழித்து, 1918-இல், சங்கரதாசு அடிகள் மதுரையில் சிறுவர் நாடகக் குழு ஒன்றை அமைத்தார். ஓர் அடிகள் தமிழின் சொல்லைக் காத்தார். மற்றோர் அடிகள் தமிழின் பாட்டைக் காத்தார்.

அந்நாளைய நாடகம் எப்படி நடந்தது என்பதை இன்றைய இளைஞர் அறிதல் வேண்டும். இரவு உணவுக்குப் பின் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் கட்டைவண்டி மேல் அமர்ந்திருப்பவன் காதுக்கும் பாட்டு எட்டவேண்டும். 'சிறப்பு நாடகம்' என்னும் முறையில், வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திப்பர். தினைப்புனத்தில் வேடனாக வரும் வேலனுக்கும் வள்ளிக்கும் சொற்போர் மூளும். பாட்டுக்குப் பாட்டு, வினாவுக்கு விடை, மடக்குக்கு மடக்கு! அத்தனையும் அந்த நொடியிலேயே பிறக்கும் தமிழ். நாவில் தமிழ் ஊறாதவர் அங்கே ஒரு நாழிகையும் நிற்க இயலாது.

கரூரில் சிறுவன் வேடத்தில் மேடையேறித் தொடங்கிய சுந்தராம்பாள், ஈழத்துக் கொழும்பு நகர மேடைகளில் புகழ்க்கொடி நாட்டினார். 1926-இல் செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா அங்கே வரவழைக்கப்பெற்றார். அவர் வேலன், இவர் வள்ளி. செங்கோட்டைக் குரலும் கொடுமுடிக் குரலும் மோதின. மோதியவை பின் இணைந்தன. 1927-இல் இருவரும் மணவாழ்வில் ஒன்றாயினர். மேடையில் பாடிய களவு, வாழ்வில் கற்பாயிற்று.

ஆனால் நாடகம் திருமணத்தோடு முடிகிறது. வாழ்வு அப்படி முடிவதில்லையே! பிறந்த மகவு சில நாளில் இறந்தது. கணவன் மனைவியரிடையே பிரிவும் நேர்ந்தது. 1933 திசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு அகவை இருபத்தெட்டும் நிரம்பவில்லை. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று அணிகளைக் களைந்து வெள்ளாடை உடுத்தியவர், 1980-இல் கண்மூடும்வரை அக்கோலத்தை மாற்றவில்லை. வேறோர் ஆடவனோடு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். கைம்மைக்கோலம் பெண்டிர்மேல் சுமத்தப்படும் கொடுமையை நாம் ஏற்பவர் அல்லேம். ஆயினும் இவர் அதனைத் தாமே தேர்ந்து, அதற்குள் முடங்காமல், அதனையே தம் தலைநிமிர்வாக்கிக் கொண்டார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆண்டு இரண்டு கழிந்தது. 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓரிலக்க உருவா! ஆடவர் எவரும் கனவு காணாத தொகையை ஒரு கொங்குப் பெண்ணின் குரல் ஈட்டியது. 1951-இல் சென்னை மாநில மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். அவர் சார்ந்த பேராயக் கட்சி நமக்கு உடன்பாடன்று. ஆனால் 'கூத்தாடி' என்று இகழப்பட்ட குலத்தொழில் ஒன்று சட்டமன்றப் படியேறிய பெருமை நமக்கும் உரியதே.

இனி ஒன்றை உற்று நோக்குக. 1953-இல் 'அவ்வையார்', 1965-இல் 'திருவிளையாடல்', 1967-இல் 'கந்தன் கருணை'. இம்மூன்றிலும் அவர் அவ்வை. இருபது அகவையில் முருகனின் காதலியாகப் பாடிய அதே குரல், அறுபதை நெருங்கும்போது முருகனுக்குத் தமிழ் சொல்லும் பாட்டியாகப் பாடிற்று. இடையில் 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். வேடம் மாறியது, அகவை மாறியது, வேலன் பெயர் மட்டும் நாவைவிட்டு நீங்கவில்லை. பழைய மேடை அவர் உயிரில் இட்ட முத்திரை அது.

இங்கே நம் இயக்கத்தார் சிலர் ஒரு கேள்வி கேட்பர். "அந்நாடகங்களில் வடசொல் மலிந்திருந்ததே! நடுநடுவே தெலுங்குக் கீர்த்தனைகள் ஒலித்தனவே! அவற்றை நாம் போற்றலாமா?" ஞாயமான கேள்வி. மறைக்கவேண்டா. கிட்டப்பாவே தியாகராசரின் தெலுங்குப் பாடல்களைத் தமிழ் மேடையில் பாடியவர்தாம். ஆனால், அக்காலத்துக் கச்சேரி மன்றங்களின் நிலை என்ன? அங்கே தமிழ்ப்பாட்டு, கடைசியில் உதிரியாகத் தூவும் துக்கடாவாக இருந்தது. அண்ணாமலை அரசர் 1941-இல் குரல் எழுப்பி, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றும்வரை அந்த இழிநிலை கேட்பாரின்றிக் கிடந்தது. நாடக மேடையில் அது நடவாது. எதிரே இருப்பவன் உழவன். சொல் விளங்காவிட்டால் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். ஆகவே மேடை தமிழில் பாடியே தீரவேண்டியிருந்தது. புலவர் ஏட்டில் காத்த தமிழை, எழுத்தறியாத உழவன் தன் காதால் காத்தான்.

கொங்கு உழவனுக்குக் களையெடுப்பைக் கற்றுத்தர வேண்டியதில்லை. களையை வேரோடு பிடுங்குவான். பயிரின் வேர் அசையாமல் பிடுங்குவான். நாமும் அப்படியே செய்தல் வேண்டும். அயற்சொல்லைக் களைவோம், அந்தப் பழிக்கு நாடகத்தையே எரிக்கமாட்டோம்.

இசைநாடகம் நம் பகுதியில் தேய்ந்ததற்குத் திரைப்படமும் ஒரு காரணம். 1914-இலேயே சாமிக்கண்ணு வின்சென்ட் இக்கோவையில் படக்கொட்டகை கட்டினார். பின்னர்ப் படப்பிடிப்பு நிலையங்களும் இங்கே எழுந்தன. மேடை நடிகர்கள் அங்கே சென்றனர், மேடை வெறிச்சோடியது. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரக் கோயில் விழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்றும் விடிய விடிய நடக்கிறது. நம் கொங்கிலோ வள்ளி வேறு வழியில் பிழைத்துக்கொண்டாள், கும்மியில் புகுந்தாள். மேட்டுப்பாளையம் வட்டாரத்துப் பெரியவர் பத்திரப்பன் வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டு கற்பித்து, ஆடவர் மட்டுமே ஆடிய அவ்வாட்டத்தில் பெண்டிரையும் சேர்த்தார். 2024-இல் அவருக்குத் தாமரைத்திரு விருது அறிவிக்கப்பெற்றது. இன்று ஊர்த்திடல்களில் பெண்களும் சிறுமியரும் நூற்றுக்கணக்கில் கூடி வள்ளி கதையைப் பாடி ஆடுகின்றனர்.

ஆதலின் தோழர்களே, பள்ளி ஆண்டுவிழாவில் பொருள் தெரியாத திரைப்பாட்டுக்குப் பிள்ளைகளை ஆடவிடாதீர். 'வள்ளி திருமண'த்தில் ஒரு காட்சியையேனும் நல்ல தமிழில் செப்பமாக்கி நடிக்கச் செய்க. தினைப்புனத்துச் சொற்போரை மாணவரே சொந்தமாகச் சொல்லாடப் பழக்குக. ஊரில் பாடத்தெரிந்த முதியவர் எவரேனும் இருந்தால், அவர் பாட்டை இன்றே எழுதி வைத்துக்கொள்க; நாளை கேட்க அவர் இருப்பாரோ, மாட்டாரோ!

கொடுமுடியில் பிறந்த ஓர் ஏழைக் குழந்தைக்கு வாழ்வு தந்தது ஒரு தமிழ் நாடகம். இன்று நம் ஊர்ப்பள்ளியின் கடைசி வரிசையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கும் சிறுமியிடமும் அத்தகைய குரலொன்று இருக்கலாம். அவளுக்கு ஒரு மேடை தருவோம். அம்மேடையில் தமிழ் தருவோம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!