சந்தா என்னும் தேர்வு: வலையொளியில் நம் கவனமும் நம் மொழியும்

 

நாம் கூடியிருக்கும் இந்த ஸ்ரீ கெம்பாங்கான், ஈயத்தோடும் இரப்பரோடும் வளர்ந்த வட்டாரம். இன்று மைன்ஸ் என்று நாம் அழைக்கும் ஏரி, ஒரு காலத்தில் ஆழத் தோண்டப்பட்ட ஈயச் சுரங்கம். அந்நாளில் டூலாங் என்னும் மரத்தட்டில் மணலை அள்ளி, நீரில் அலசி, கனமானதை நிறுத்தி, இலேசானதை ஓடவிட்டுப் பிழைத்தவர்கள் பலர். மணலோ மலையளவு, ஈயமோ பிடியளவு. அலசத் தெரிந்த கைக்கே கூலி கிடைத்தது.

இன்று நம் கையிலுள்ள திறன்பேசியிலும் மணல் மலையளவு கொட்டுகிறது. அதில் அலசும் தட்டாக நமக்குத் தரப்பட்டிருப்பது சந்தா. வலையொளியில் நாம் விரும்பும் அலைவரிசைகளுக்குச் சந்தாதாரராகச் சேர்வதும், சேர்ந்தபின் அப்பட்டியலை ஒழுங்காகப் பேணுவதுமே இன்றைய உரையின் பொருள். சிறிய பொருளாகத் தோன்றலாம். நம் மாணவரின் நேரமும் நம் மொழியின் நலனும் இதில் அடங்கியிருப்பதாலேயே இதை இந்த அவைக்குக் கொண்டு வந்தேன்.

சந்தா என்னும் சொல் நமக்குப் புதியதன்று. 1924 இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனும், 1935 இல் கோ. சாரங்கபாணி அவர்கள் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் வாசகரின் ஆதரவால் வளர்ந்தவை. பணம் கட்டி ஓர் ஏட்டை வரவழைத்தவர், 'இது என் வீட்டுக்குள் வரத் தகுந்தது' என்று முடிவு செய்தார். 'இது நிலைக்க வேண்டும்' என்றும் முடிவு செய்தார். தேர்வும் ஆதரவும் ஒரே செயலில் இணைந்திருந்தன. அந்தத் தமிழ் நேசன் 2019 இல் நின்றுபோனது. ஒரு சிறிய மொழிச் சமூகத்தில் வாசகர் குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வலையொளியில் சந்தாவுக்குப் பணம் இல்லை. ஒரு விரல் தொட்டால் போதும். எளிதாகக் கிடைப்பதாலேயே அதன் பொருளை நாம் மறந்துவிட்டோம். அண்மையில் என் கணக்கைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 187 அலைவரிசைகள் இருந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றை ஏன் சேர்த்தேன் என்பதே நினைவில்லை. சில அலைவரிசைகள் பல ஆண்டுகளாக ஒரு காணொலியும் வெளியிடவில்லை. நான் உண்மையில் விரும்பிப் பார்க்கும் பத்துப் பன்னிரண்டு அலைவரிசைகள் அக்கூட்டத்தில் புதைந்து கிடந்தன.

இங்கு வலையொளியின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 2005 இல் தொடங்கப்பட்டு, 2006 இல் கூகள் நிறுவனத்தின் கைக்கு மாறிய அத்தளத்துக்குள் நுழைய இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று முகப்புப் பக்கம். அதை நிரப்புவது பெரும்பாலும் தளத்தின் கணிப்பு. நாம் முன்பு எதைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பனவற்றைக் கொண்டு, அடுத்து எது நம்மை நிறுத்தி வைக்கும் என்று அது கணிக்கிறது. 2012 முதல், எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதைவிட எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கே அத்தளம் கூடுதல் எடை தந்து வருகிறது. மற்றொன்று சந்தாப் பக்கம். நாம் சேர்ந்த அலைவரிசைகளின் புதிய காணொலிகள் அங்கே வந்து சேரும். முதல் வாயிலில் தளம் நமக்காகத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாம் வாயிலில் நாம் தேர்ந்தெடுத்தது நமக்குக் கிடைக்கிறது. நம்மிற் பலர் முதல் வாயிலிலேயே நின்றுவிடுகிறோம்.

இதனால் நமக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். மலேசியாவில் இந்தியர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையோ ஏழு கோடிக்கு மேல். பார்வையாளர் எண்ணிக்கை பெருகியுள்ள பக்கமே கணிப்பும் சாய்வது இயல்பு. எனவே, தமிழில் ஒரு பாடத்தைத் தேடும் நம் மாணவர்முன் பெரும்பாலும் வந்து நிற்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்யப்பட்ட காணொலி. அவற்றுள் மிகச் சிறந்தவை உண்டு. தமிழ்நாட்டு அரசு 2019 இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை நானே விரும்பிப் பார்ப்பதுண்டு. ஆனால், எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவருக்கு அவை எல்லா இடத்திலும் பொருந்தா. ஐந்தாம் படிவ மாணவி ஒருவர், அலுவல் கடிதத்தை 'அனுப்புநர், பெறுநர்' என்று தலைப்பிட்டு எழுதி என்னிடம் கொண்டு வந்தார். நம் தேர்வில் எதிர்பார்க்கும் அமைப்பு வேறு என்றேன். "காணொலியில் இப்படித்தான் சொன்னார்கள், ஐயா" என்றார். அவர் சொன்னது உண்மை. கற்பித்தவர்மீதும் குற்றமில்லை, கற்றவர்மீதும் குற்றமில்லை. எந்த வாயிலில் நுழைவது என்பதை அம்மாணவிக்கு நாம் சொல்லித் தரவில்லை. அக்குறை நம்முடையது.

நம் நாட்டிலேயே செய்யப்பட்ட பாடங்கள் இல்லாமல் இல்லை. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் ஆசிரியர் பலர் தம் வீட்டுக் கூடத்தில் திறன்பேசியை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தி வலையொளியில் ஏற்றினர். அதே காலத்தில், பேராக் மாநிலத்தைச் சேர்ந்த சுகு – பவித்ரா இணையர் தம் எளிய சமையலறையில் இருந்து மலாய்மொழியில் பேசிச் சமைத்த காணொலிகள் இலட்சக்கணக்கான சந்தாதாரரைச் சேர்த்தன. எளிய வீட்டில் இருந்தும் பெருங்கூட்டத்தை எட்டலாம் என்பதை நாடு கண்டது. அவர்களுக்கு மலாய்மொழியின் பரந்த வட்டம் கிட்டியது. நம் ஆசிரியரின் தமிழ்ப் பாடத்துக்கு அத்தகைய வட்டம் இல்லை. வலையொளியில் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் பொதுமக்கள் பார்த்த 4,000 மணி நேரமும் வேண்டும். அல்லது குறுங்காணொலிகளுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். பெரிய மொழிக்கு இது சிறு படி, நமக்கு மலை.

அப்படியானால், 'தமிழுக்காக எல்லாரும் எல்லா அலைவரிசைக்கும் சந்தா சேருங்கள்' என்று வேண்டலாமா? புலனக் குழுக்களில் அத்தகைய வேண்டுகோள்கள் நாள்தோறும் வருகின்றன. 'நீர் எனக்குச் சேரும், நான் உமக்குச் சேர்கிறேன்' என்னும் பண்டமாற்றும் நடக்கிறது. அது தளத்தின் விதிக்கே புறம்பானது. விதியை விடுங்கள், அதனால் பயனும் இல்லை. சேர்ந்துவிட்டுப் பாராதிருக்கும் ஆயிரம் பேரால் எண்ணிக்கை உயருமே ஒழிய, பார்க்கப்படும் நேரம் உயராது. பிரிக்காமல் அடுக்கி வைத்த செய்தித்தாள் ஏட்டை வாழவைக்காது. ஆகவே, குறைவாகச் சேருங்கள், சேர்ந்ததைப் பாருங்கள். இதுவே நான் இன்று சொல்ல வந்த ஒன்று.

இதற்கான நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு இருமுறை, பள்ளி விடுமுறையில், சந்தாப் பக்கத்தைத் திறந்து முழுப் பட்டியலையும் பாருங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'கடந்த மூன்று மாதத்தில் இதைப் பார்த்தேனா?' இல்லையெனில் நீக்குங்கள். தேவைப்பட்டால் மீண்டும் சேரலாம். யாரும் வருந்தப் போவதில்லை.

இரண்டாவது, மணிக் குறியைக் கவனியுங்கள். சந்தா வேறு, அறிவிப்பு வேறு. எல்லா அறிவிப்பும், தளம் தேர்ந்தெடுத்த சில அறிவிப்புகள், அறிவிப்பே வேண்டாம் என மூன்று நிலைகள் உண்டு. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் நடுவிலுள்ளதே அமையும். பாட அலைவரிசை ஓரிரண்டுக்கு முதல் நிலையும், ஏனையவற்றுக்கு மூன்றாம் நிலையும் போதும். சிறுவர்க்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் மணி இயங்காது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் புதிய பாடம் வந்ததா என்று தாமே சென்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, குடும்பத்தில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால் தந்தையின் அரசியலும் தாயின் சமையலும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே பட்டியலில் கலந்துவிடும். படிப்புக்கெனத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நலம். பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோரின் மேற்பார்வையில் அமையும் கணக்கே தகும்.

நான்காவது, சந்தாக்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கும் வசதியைத் தளம் தரவில்லை. அதற்கு மாற்றாக, ஆசிரியர்கள் தலைப்புவாரியாகக் காணொலித் தொகுப்புகளை உருவாக்கி மாணவர்க்கு அனுப்பலாம். இலக்கணத்துக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று, நாவலுக்கு ஒன்று எனப் பள்ளிதோறும் அமைந்தால் அது ஒரு நூலகம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி. இன்றிரவு உங்கள் பட்டியலில் பத்து அலைவரிசைகளை மட்டும் நிறுத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் ஒன்றேனும் நம் நாட்டு ஆசிரியருடையதாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஏன் நிறுத்தினேன் என்று ஒரு வரியில் எழுதுங்கள். எழுத முடியாததை நீக்குங்கள். நாளை வகுப்பில் அப்பட்டியலை நண்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிவதும் கல்வியே.

நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியிலும் இருபது பேர், நம் ஆசிரியர் ஒருவரின் அலைவரிசையை உண்மையாகத் தேர்ந்து, உண்மையாகப் பார்த்தால், பத்தாயிரம் பேர் ஆகின்றனர். அன்று ஏட்டுக்குச் சந்தா கட்டியவர் நம் மொழிக்குச் செய்த அதே பணியை, இன்று காசின்றி நாம் செய்யலாம். தட்டு நம் கையில் இருக்கிறது. அலசுவோம்.