கடல் கடந்த ஆங்கில ஆசிரியர்

மாத்தளை கடல் காணாத ஊர். ஆயினும், கடல் கடந்து வந்தோரின் கால்தடம் ஆழப் பதிந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியிலே மாண்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களுக்கு நெடுங்காலம் மறுபடி கடல் கடக்கும் வாய்ப்பு எளிதிற் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. நாடு இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு ஏது? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

ஆகவே, ஆங்கிலம் கற்பிக்க அயல்நாடு செல்லும் வாய்ப்பு முதலிற் கிட்டியது கல்லூரிகளிற் பயின்ற ஏனையோருக்கே. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கையிலே 1945 முதல் சுயமொழிக் கல்வி படிப்படியாகப் பரவி, ஆங்கில மூலக் கல்வி தேய்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1960ஆம் ஆண்டையொட்டி, மாலைதீவு அரசு தலைநகர் மாலேயின் மஜீதிய்யா, அமீனிய்யா ஆகிய பாடசாலைகளில் ஆங்கில மூலக் கல்வியைத் தொடங்கிற்று. அங்கே ஆசிரியர் போதாமையால் இலங்கையரை அழைத்தது. ஒரு நாடு ஒதுக்கிய திறமையை அடுத்த நாடு சம்பளம் கொடுத்து வாங்கிற்று.

மாத்தளை ஆசிரியர் ஒருவருக்கு மாலைதீவு முற்றிலும் அந்நியமன்று. திவெஹி மொழி சிங்களத்தின் உடன்பிறப்பு. சிங்களவர் 'ஹத்தர', 'பஹ' என்று எண்ணுவதை அத்தீவினர் 'ஹத்தரெஹ்', 'ஃபஹெஹ்' என்பர். தமிழும் சிங்களமும் ஒலிக்கும் சந்தையில் வளர்ந்த காது அவ்வுறவை விரைவிற் பிடித்துக்கொள்ளும். தமிழ்ப் பிள்ளைகளின் நாவிலே 'ஃப' ஓசையை ஏற்றப் படாதபாடு பட்ட ஆசிரியருக்கு அங்கே அத்தொல்லை இல்லை. தீவுப் பிள்ளைகளுக்கு அது தாய்மொழி ஓசை. தொல்லை எழுத்திலே உண்டு. அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. பென்சிலைத் தாளின் இடப்புற ஓரத்தில் ஊன்றப் பழக்குவதே முதற்பாடம்.

தனிமையும் உண்டு. சிறு தீவொன்றை அரைமணி நேரத்தில் நடந்து சுற்றிவிடலாம். மலைநாட்டில் வளர்ந்தவருக்கு ஏறுவதற்கு ஒரு மேடுகூட அகப்படாது. வெள்ளிக்கிழமை ஓய்வுநாள், தைப்பொங்கல் வேலைநாள்.

நைஜீரியாவிலும் இத்தகைய வாய்ப்பு எழுந்தது. 1976இல் அங்கே எல்லாருக்கும் ஆரம்பக் கல்வி என்ற திட்டம் தொடங்க, எண்ணெய்ப் பணம் அயல்நாட்டு ஆசிரியரை ஈர்த்தது. 1980களில் எண்ணெய் விலை வீழ, நைராவின் பெறுமதியும் வீழ்ந்தது. ஊருக்குப் பணம் அனுப்புவது பெரும்பாடாயிற்று.

2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, அரச ஊழியர் 5 ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் அயல்நாடு செல்ல அரசு வழிவகுத்தது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் குறைவில்லை. வீட்டுக்கடன் தீர்க்கவும் பிள்ளைகளைப் படிப்பிக்கவும் புறப்படுகிறவரைப் பழிப்பது நியாயமன்று. எனினும், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இருக்கும் ஓர் ஆங்கில ஆசிரியரும் போய்விட்டால், ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையை எட்டும்வரை அவர் திரும்பியிருக்கமாட்டார். அவருடைய பெயர் இடாப்பில் இருக்கும். ஆங்கிலப் பாடவேளையில் கணித ஆசிரியரோ சமய ஆசிரியரோ வந்து, சத்தமிடாதிருக்கச் சொல்லிவிட்டு அமர்ந்திருப்பார்.