காளான் மாத்திரையும் நம் மருத்துவ உதவியும்
(தருவைகுளம் மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் சில மாதங்களாக ஒரு புதுச் செலவைப் பார்க்கிறோம். காளான் மாத்திரை. ஒரு தாயார் கம்மலை அடகு வைத்து மூன்று டப்பா வாங்கியிருக்கிறார். செலினியம், துத்தநாகம் ஏற்றி வளர்த்த மருத்துவக் காளானாம். சர்க்கரை தானே இறங்கும் என்று விற்றவர், ஆஸ்பத்திரி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். காலில் புண் வந்த பிறகே விஷயம் நம்மிடம் வந்தது.

காளானை நாம் குறை சொல்லவில்லை. தான் வளரும் வைக்கோலில் உள்ளதை அது உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சாபில் சில ஊர்களின் மண்ணில் செலினியம் மிகுதி. அந்த மண்ணில் விளைந்த கோதுமையின் வைக்கோலில் நம் நாட்டு ஆய்வாளர்கள் காளான் வளர்த்தார்கள். காளானில் செலினியம் பல மடங்கு கூடியது. உண்மைதான். ஆனால் காளானில் சத்து ஏறியது வேறு, மனிதருக்கு நோய் போனது வேறு. ஈயம், காட்மியம் போன்ற நஞ்சையும் காளான் இதே போல உறிஞ்சும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 40 மைக்ரோகிராம் செலினியம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நம் கரையில் இறங்கும் சூரை மீன் நூறு கிராமிலேயே அது கிடைத்துவிடும். சூரையைக் கொச்சிக்கு அனுப்பிவிட்டு டப்பாவை வாங்குகிறோமே!

அளவு மிஞ்சினாலும் ஆபத்து. 2008-இல் அமெரிக்காவில் ஒரு சத்து மருந்தில் தவறுதலாக, லேபிளில் போட்டதைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. சுமார் 200 பேருக்கு முடி கொட்டியது, நகம் கெட்டது, வயிற்றுப்போக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விற்பவர்கள் ஹதீஸைக் காட்டுகிறார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ்தான், மறுப்பில்லை. ஆனால் அதில் வரும் 'கம்ஆ' பாலைவன மண்ணுக்கடியில் கிடைப்பது. பேச்சும் அதன் சாறு கண்ணுக்கு நல்லது என்பது பற்றியே. டப்பாவில் இருப்பதோ மரக்கட்டையில் வளரும் வேறு காளான். ரசூலுல்லாஹ் (ஸல்) பெயரில் சர்க்கரை மாத்திரை விற்பதை, மதரஸாவில் ஓதிய நாமே கண்டிக்காவிட்டால் வேறு யார் கண்டிப்பது? சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

காளான் சாப்பிட ஆசையா? அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏபிகே 2 பால் காளான் நம் வெயிலிலும் வளரும். குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள்.

மருத்துவ நிதியில் இந்த டப்பாக்களுக்குப் பணம் தருவதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வரும் செலவையும் பரிசோதனைச் செலவையும் தருகிறோம். அந்தத் தாயாரின் கம்மலை மீட்டுக் கொடுத்தாயிற்று. புண் இன்னும் ஆறவில்லை. வெள்ளிதோறும் கட்டு மாற்ற நம் ஆட்டோ அழைத்துப் போகிறது.